கை நீட்டலாமா?

நம் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. திருடுகிறவன் அகப்பட்டால் முதலில் நாலு சாத்து, பிறகுதான் விசாரணை. "போலீசுக்குப் போனால் நமக்குத்தான் அலைச்சல், ரெண்டு போட்டு அனுப்பினால் தானாகப் புத்தி வரும்" என்று சொல்லாத முதலாளி நம்மில் குறைவு. நானும் அப்படிச் சொன்னவன்தான், செய்தவனும்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வீதியில் ஒரு மளிகைக் கடையில் நடந்தது. ஒரு வாலிபன் இரண்டு முந்திரிப் பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறப் பார்த்தான். கடைக்காரர் கையைப் பிடித்தார், சரக்கை எடுத்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டு, மதியத்திலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை அவனை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். கடைப் பையன்களில் ஒருவன் கன்னத்தில் ஒன்று வைத்தான். மறுநாள் அந்த வாலிபனின் வீட்டார் ஆஸ்பத்திரிச் சீட்டோடு போலீஸ் நிலையத்தில் நின்றார்கள். சரக்கைப் பறிகொடுக்க இருந்தவர் எதிரியானார். "அண்ணாச்சி, ரத்தம் வரவில்லை, காயம் இல்லை, இதற்கு என்ன கேஸ்?" என்று என்னிடம் வந்து புலம்பினார். இருவரும் வக்கீலிடம் போனோம்.

அங்கே நான் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. 1862 முதல் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 349-ஆவது பிரிவு 'பலம்' என்றால் என்ன என்று சொல்லியது. 1-7-2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, அதே விஷயம் 128-ஆவது பிரிவாகி இருக்கிறது. எண் மாறியது, சாரம் மாறவில்லை. ஒருவரை நகரச் செய்வது, அவர் நகரும் போக்கை மாற்றுவது, நகர்கிறவரை நிறுத்துவது, இவையெல்லாம் பலம். அவர் உடம்பில் கை பட வேண்டும் என்பதுகூட இல்லை. உடுத்தியிருக்கும் சட்டை, கையில் இருக்கும் பை, இவற்றில் ஒரு பொருளைப் போய்ப் படும்படி செய்தாலும் போதும். அதுவும் மூன்று வழியில் நடக்கலாம் என்கிறது சட்டம்: சொந்த உடல் வலிமையால், ஒரு பொருளை அப்படி வைத்துவிட்டு, பிறகு யாரும் தொடாமலே அது நகரும்படி செய்வதால், ஒரு மிருகத்தை ஏவுவதால். சட்டப் புத்தகத்திலேயே கரையில் கட்டிய படகு உதாரணம் இருக்கிறது. படகில் ஒருவர் உட்கார்ந்திருக்க, கயிற்றை அவிழ்த்து வெள்ளத்தோடு விட்டால், அவிழ்த்தவன் அவரைத் தொடவே இல்லை. ஆனாலும் அவர்மீது பலம் பிரயோகித்தவன் ஆகிறான். மூட்டை அடுக்கி வியாபாரம் செய்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அட்டியில் அடிமூட்டையை உருவினால் மேல்மூட்டை யார் தலையில் விழும் என்று நமக்குத் தெரியும்.

பலம் மட்டும் குற்றமில்லை. நெரிசலில் தோள் இடிப்பதும் பலம்தான். சம்மதம் இல்லாமல், வேண்டுமென்றே, ஒரு குற்றம் செய்வதற்காகவோ, அல்லது அவருக்குத் தீங்கு, பயம், எரிச்சல் உண்டாகும் என்று தெரிந்தோ செய்தால்தான் அது 129-ஆவது பிரிவின்படி குற்றமுறு பலம். எரிச்சல் என்ற சொல்லைக் கவனியுங்கள். காயம் வேண்டியதில்லை. அடுத்த பிரிவு இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. அடிக்கப் போகிறான் என்று எதிரில் நிற்பவர் அஞ்சும்படி கையை ஓங்கினாலே தாக்க முனைந்த குற்றம். வெறும் வாய்ச்சொல் அதில் சேராது. ஆனால் எடைக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு "மண்டையைப் பிளந்துவிடுவேன்" என்றால், அந்தச் சொல்தான் கல்லுக்கு அர்த்தம் கொடுக்கிறது. இவற்றுக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கன்னத்தில் அறைந்தால் கணக்கு கூடுகிறது. உடம்புக்கு வலி உண்டாக்குவதே 'காயப்படுத்துதல்'; தழும்பு கேட்பதில்லை சட்டம். ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஷட்டரை இறக்கியதற்குத் தனிக் கணக்கு. அது முறையற்ற அடைத்து வைப்பு, அதற்கும் ஓராண்டு வரை. பாக்கி வைத்தவர் கடைப்பக்கம் வந்தால் "கொடுத்துவிட்டுப் போ" என்று உட்கார வைத்துக்கொள்கிறோமே, அதுவும் இதே கணக்கில்தான் வரும். பேரேட்டில் அவர் பெயரில் எத்தனை லட்சம் நின்றாலும் சரி.

அப்படியானால் நமக்கு உரிமையே இல்லையா என்று நண்பர் கேட்டார். இருக்கிறது. நம் சொத்தைத் திருட்டிலிருந்து காத்துக்கொள்ளத் தற்காப்பு உரிமை உண்டு. கையைப் பிடிக்கலாம், பையைப் பிடுங்கலாம், அதற்கு எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவுதான். சரக்கு நம் கைக்கு வந்த நிமிஷமே அந்த உரிமை தீர்ந்தது. அதற்குப் பிறகு விழும் அடி தற்காப்பு அல்ல, தண்டனை. தண்டிக்க நமக்கு லைசென்ஸ் கிடையாது.

பிடித்து வைத்துப் போலீசில் ஒப்படைக்கலாமே என்றால், அதிலும் சிக்கல். போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் நம் கண்ணெதிரே நடந்தால்தான் தனி ஆள் பிடிக்கலாம்; 6 மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும். புதுச் சட்டத்திலோ, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல் தடவை சிக்கியவன் பொருளைத் திருப்பிவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அது போலீஸ் நேரே பிடிக்கிற குற்றமும் அல்ல. எனக்கு இதில் மனக்குறை உண்டு. மளிகைக் கடையில் 5,000 ரூபாய்ச் சரக்கை யார் மடியில் கட்டிக்கொண்டு போவான்? நூறும் இருநூறுமாகத்தானே கரைகிறது? சிறு கடைக்காரருக்கு இதில் கிடைக்கும் பாதுகாப்பு போதாது என்பதை நம் சங்கம் அரசுக்கு எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சட்டம் போதாது என்பதால் கை நீளக் கூடாது.

நீண்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அட்டப்பாடி இருக்கிறது. 2018 பிப்ரவரியில், கேரளத்தில், மது என்ற ஆதிவாசி இளைஞரைக் கடைகளில் அரிசி முதலியவை திருடினார் என்று சொல்லி, காட்டில் பிடித்துக் கையைக் கட்டி, முக்காலிக்குக் கொண்டுவந்து அடித்தார்கள். போலீஸ் ஜீப்பில் போகும்போதே அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு தனி நீதிமன்றம் 13 பேருக்கு ஏழாண்டு சிறை விதித்தது. இன்னொருவர்மீது நின்றது நான் மேலே சொன்ன குற்றமுறு பலப் பிரிவு மட்டும். அவருக்கு மூன்று மாதம். ஒரே கூட்டத்தில் நின்றவர்கள்தான். ஆளைக் கொல்ல வேண்டும் என்று அன்று காலையில் நினைத்து எழுந்தவர் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷம் இருக்கும். என் தந்தையார் கல்லாவில் உட்காராத ஒரு நாள், மண்டியில் ஏலக்காய் மூட்டை ஒன்று கணக்கில் குறைந்தது. சரக்கு இறக்கிய பையனைச் சந்தேகப்பட்டு, நாலு பேர் முன்னால் அறைந்தேன். அவன் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு நாள் கழித்து, வேறொரு பார்ட்டியின் சரக்கோடு அந்த மூட்டையும் லாரியில் ஏறி வந்துவிட்டது என்று வெளியூரிலிருந்து கடிதம் வந்தது. பையன் அதற்குள் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டான். சம்பள பாக்கியை வாங்க அவன் தாயார்தான் வந்தார். பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அன்று யாரும் என்மீது கேஸ் போடவில்லை. போட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

எங்கள் வீதி நண்பரின் வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டு முந்திரிப் பாக்கெட்டுக்கு அவர் இதுவரை ஏழு வாய்தா அலைந்திருக்கிறார். அடுத்த செயற்குழுவில் ஒரு யோசனை வைக்க இருக்கிறேன். வக்கீல் ஒருவரைச் சங்கத்துக்கு அழைத்து, முதலாளிகளுக்கு அல்ல, கடைப் பையன்களுக்கு ஒரு மாலை வகுப்பு எடுக்கச் சொல்ல வேண்டும். கை முதலில் நீளுவது அவர்களுடையது. கோர்ட்டில் கூடவே நிற்பது நாம்.