உறையோடு வையுங்கள்

பள்ளிக்கூட நாளில் சேர்த்த தபால்தலைப் பெட்டியை ஓய்வுக்குப் பிறகு மறுபடி திறந்திருக்கிறேன் என்று சொன்னால், மணலி நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவுக்குப் போகும் சார்?" பெரிதாக ஒன்றும் போகாது. 1960-இல் வந்த பாரதியார், 1962-இல் வந்த ராமானுஜன், இரண்டும் 15 நயா பைசா. நம் காலத்துப் பையன்கள் பலரிடமும் இருந்தவைதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் விலையை மட்டும் பார்ப்பதால் நம் வீடுகளில் வேறொரு சொத்து வீணாகிறது. அது பழைய கடித உறை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தபால்தலையை 'தேம்ப்ர்' என்போம். அதைச் சேர்க்கும் பழக்கத்துக்கு 'ஃபிலாத்தெலி' என்று பெயர் வைத்ததும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான்: ஜார்ஜ் எர்ப்பேன், 1864-இல். வரிவிலக்கு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். முன்பெல்லாம் பெரும்பாலும் கடிதம் வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். 1840-இல் இங்கிலாந்தில் தபால்தலை வந்தபின் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டினார், வாங்குகிறவருக்கு விலக்கு. ஆக, அந்தப் பெயருக்குள்ளேயே எழுதியவர் ஒருவர், பெற்றவர் ஒருவர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். தலையை மட்டும் பிய்த்தெடுத்தால் இருவரும் போய்விடுகிறார்கள்.

என் பெட்டியில் பிரெஞ்சு இந்தியத் தலைகள் சில உண்டு. விலை காசிலும் பணத்திலும் அச்சிட்டிருக்கும். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்ததும் அவை பழங்கதை ஆயின. உதிரியாக இருக்கும் தலை இவ்வளவுதான் சொல்லும். அதே பெட்டியில், சைகோனில் வேலை பார்த்த பெரியப்பா அனுப்பிய ஓர் உறை முழுதாகக் கிடந்தது. அதில் அவர் கையெழுத்து, எங்கள் பழைய தெருப் பெயர், புறப்பட்ட தேதி, வந்து சேர்ந்த தேதி எல்லாம் இருக்கின்றன. கடிதம் வர எத்தனை நாள் ஆயிற்று என்று விரல்விட்டு எண்ணலாம்.

அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் 'சர்வீஸ்' தலைகளுக்குக் கணக்கு எழுதியவன் நான். கெடு உள்ள மேல்முறையீடு வந்தால் மனுவோடு உறையையும் சேர்த்துக் கோப்பில் வைப்போம். காரணம், மனுவில் யார் வேண்டுமானாலும் எந்தத் தேதியும் போடலாம். அஞ்சல் முத்திரைதான் சாட்சி. குடும்ப வரலாற்றுக்கும் அதுவே பொருந்தும்.

நம் வடசென்னையில் இந்தச் சாட்சிகள் அதிகம். துறைமுகத்தையும் கப்பலையும் நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ராயபுரத்தில் எத்தனை! பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் வியாசர்பாடியில் எத்தனை! அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ரங்கூன் முத்திரையோடு ஓர் உறை இருந்தால், அது புத்தகத்தில் இல்லாத சரித்திரம். வீட்டை இடித்துக் கட்டும்போது பிள்ளைகள் அதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

சின்ன வயதில் தலையைத் தண்ணீரில் ஊறவைத்து, செய்தித்தாளில் உலர்த்தி, நோட்டில் ஒட்டியது நல்ல விளையாட்டுதான். பேரப்பிள்ளைகளும் அப்படிச் செய்யட்டும். அதற்குச் சாதாரண உறைகள் போதும். வீட்டுக் கடிதங்களை மட்டும் தொடவிடாதீர்கள். குண்டூசியைக் கழற்றிவிடுங்கள், துருப்பிடிக்கும். செல்லோடேப் வேண்டாம். ஓதம் ஏறாத இடத்தில் வையுங்கள். யார், யாருக்கு எழுதியது என்று தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். அதைச் சொல்ல நம் தலைமுறைதான் மிச்சம்.

அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் சேகரிப்பாளர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. புதுத் தலைகள் அழகாகவே வருகின்றன. ஆனால் வாங்கியதும் நேரே ஆல்பத்துக்குப் போகிற தலை எங்கும் பயணம் செய்யவில்லை. ஸ்பீடு போஸ்டில் பார்கோடு ஒட்டித்தான் உறை வருகிறது. 2025-இல் பதிவுத் தபாலும் அதோடு சேர்ந்துவிட்டது. தலையும் முத்திரையுமாக வரும் உறை இனி அபூர்வம்.

அதனால் ஒரு யோசனை. புதுத் தலை இரண்டு வாங்கினால் ஒன்றை ஆல்பத்தில் வையுங்கள். மற்றதை ஓர் உறையில் ஒட்டி, வெளியூரில் இருக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ உங்கள் கையால் நாலு வரி எழுதிப் போடுங்கள். உறையைக் கிழிக்காமல் கத்தரியால் ஓரமாக வெட்டித் திறக்கச் சொல்லுங்கள்.