அதிவேக ரயிலும் வாழவந்திச் சாலையும்: எதற்கு முதலிடம்?

2025 மார்ச் 14 அன்று தமிழ்நாடு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மித அதிவேக ரயில் தடங்களுக்கான ஆய்வு பற்றிய அறிவிப்பு இடம்பெற்றிருந்தது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை 167 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வேலூர் வரை 140 கிலோமீட்டர். கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாகச் சேலம் வரை 185 கிலோமீட்டர். இவற்றுள் மூன்றாவது தடம் முடியும் சேலம் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் மலையேறினால் ஏற்காடு. அந்த ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகளுள் ஒன்று வாழவந்தி.

சேலத்துக்கு அதிவேக ரயில் வரட்டும், வருவது நல்லதே. ஆனால் அந்த ரயிலில் வந்து இறங்கும் மனிதர் வாழவந்திக்கோ, அதற்கு அப்பாலுள்ள மலைக் கிராமங்களுக்கோ எப்படிப் போய்ச் சேருவார்? இதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கிராமங்களில் வாழ்வோர் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் கல்லூரிக்கும் எப்படி இறங்கி வருவார்கள் என்பது. நாடு முழுவதும் நடைபெறும் "அதிவேக ரயிலா, அடிப்படைச் சாலையா?" என்ற விவாதத்தை இந்தச் சேர்வராயன் மலையில் நின்று பார்த்தால், அதன் உண்மையான முகம் தெரியும்.

இரண்டு கணக்குகள்

முதலில் எண்களைப் பார்ப்போம். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் திட்டத்துக்கு 2017 செப்டம்பர் 14 அன்று பிரதமர் மோடியும் அன்றைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் அடிக்கல் நாட்டினார்கள். தடத்தின் நீளம் 508 கிலோமீட்டர். தொடக்க மதிப்பீடு சுமார் 1,08,000 கோடி ரூபாய்; பின்னர் அது மேலும் உயர்ந்தது. செலவில் பெரும்பகுதி ஜப்பானின் கடன். வட்டி 0.1 விழுக்காடுதான், திருப்பிச் செலுத்த 50 ஆண்டுகள் உண்டு என்று அதைப் பெருமையாகச் சொன்னார்கள். வட்டி குறைவானாலும் கடன் கடன்தான். அதுவும் யென் நாணயத்தில் வாங்கிய கடன். ரூபாயின் மதிப்பு சரிந்தால் சுமை கூடும். அதைச் சுமக்கப்போவது இன்று பள்ளிக்கூடம் செல்லும் நம் பிள்ளைகள்.

இனி இரண்டாவது கணக்கு. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. அதன் நான்காம் கட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சாலைத் தொடர்பே இல்லாத 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை. மதிப்பீடு 70,125 கோடி ரூபாய். அதாவது, இரு நகரங்களை இணைக்கும் ஒரே தடத்தின் தொடக்க மதிப்பீட்டைவிட, நாடெங்கும் 25,000 குடியிருப்புகளை வெளியுலகோடு இணைக்கும் செலவு மிகவும் குறைவு.

இந்த ஒப்பீட்டை நியாயமாகவே வைக்க வேண்டும். புல்லட் ரயிலை நிறுத்தினால் மறுநாளே வாழவந்திச் சாலைக்குப் பணம் வந்துவிடாது. இரண்டும் ஒரே பையிலிருந்து எடுக்கப்படும் பணமல்ல. ஒன்று மத்திய அரசின் ரயில்வே முதலீடும் வெளிநாட்டுக் கடனும். மற்றொன்று ஊராட்சி, ஒன்றியம், நெடுஞ்சாலைத் துறை, வனத்துறை என்று பல கைகளில் சிதறிக் கிடக்கும் பொறுப்பு. ஆனால் ஓர் அரசு எதற்காகக் கடன் வாங்கத் துணிகிறது, எதற்கு "நிதி இல்லை" என்று கைவிரிக்கிறது என்பதில் அதன் மனம் தெரிந்துவிடுகிறது.

விதியிலேயே விடுபட்ட மலை

கிராமச் சாலைத் திட்டத்தின் விதிப்படி, சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்புக்கே சாலை. மலை மாநிலங்கள், பாலைவனப் பகுதிகள், அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட பழங்குடிப் பகுதிகள் முதலியவற்றுக்கு அந்த எண்ணிக்கை 250 ஆகத் தளர்த்தப்படுகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியாக எந்த இடமும் அறிவிக்கப்படவில்லை. எனவே அந்த வழியில் சேர்வராயனுக்குத் தளர்வு கிடைப்பதில்லை. இத்தனைக்கும் ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. மலையாளிப் பழங்குடியினரின் தாயகம்.

2023 நவம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன்மன் திட்டம், 100 பேர் உள்ள குடியிருப்புக்கும் சாலை தருகிறது. ஆனால் அது மிகவும் நலிவுற்றவை என்று வகைப்படுத்தப்பட்ட பழங்குடிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. மலையாளிகள் அதில் இல்லை. ஒரு கதவு எண்ணிக்கையால் மூடுகிறது. மறு கதவு பட்டியலால் மூடுகிறது. திட்டங்கள் இல்லாததால் அல்ல, திட்டங்களின் இடுக்கில் விழுந்துவிடுவதால் பின்தங்கும் மக்களும் உண்டு என்பதற்கு இது சான்று.

இதன் விலை என்னவென்பதை 2023 மே மாதம் தமிழகமே கண்டது. வேலூர் மாவட்டம் அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியாமல் இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்சும் மலையேற வழியின்றிப் பாதியில் நின்றது. பெற்ற தாய் தன் குழந்தையின் சடலத்தைச் சுமந்தபடி கிலோமீட்டர் கணக்கில் நடந்தார். அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது 160 கிலோமீட்டர் வேகமல்ல. ஆம்புலன்ஸ் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வரக்கூடிய ஒரு பாதை இருந்திருந்தாலே போதும்.

போட்ட சாலையைக் காப்பது யார்?

புதிய சாலை போடுவது ஒரு பாதி. போட்டதைக் காப்பது மறுபாதி. இந்த மறுபாதிக்கு நம் நாட்டில் மதிப்பில்லை. புதிய பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் உண்டு. அடைபட்ட சிறுபாலத்தைத் தூர்வாரியதற்கு எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்டியதில்லை.

மலைச் சாலைக்கு முதல் எதிரி தண்ணீர். வடிகாலில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் மழைநீர் தார்ச்சாலையின் மேல் ஓடும். ஓரத்து மண்ணை முதலில் அரிக்கும். பிறகு அடித்தளத்தில் புகும். அதன்பின் பாரவண்டி ஒன்று ஏறினால் சாலை உடைந்து அமரும். மண்வெட்டியோடு இருவர் ஒரு நாளில் முடித்திருக்கக்கூடிய வேலை, இலட்சக்கணக்கான ரூபாய்ச் செலவாக வளர்ந்து நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பின்மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் அதுவே. சாலை மூடினால் தோட்டக் கூலிக்கு வேலையில்லை. சிறு விவசாயியின் விளைச்சல் சந்தைக்கு இறங்காது. புயலைத் தடுக்க மனிதரால் இயலாது. நீர் வடியும் வழியைத் திறந்து வைக்க இயலும்.

பராமரிப்பில் மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல. ஆப்பிரிக்க நாடுகளில் உரிய காலத்தில் 1,200 கோடி டாலர் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவைத் தவிர்த்திருக்கலாம் என்று உலக வங்கியின் 1994ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை கணக்கிட்டது. ஒன்று கொடுக்க மறுத்தவர் ஏறத்தாழ நான்கு கொடுக்க நேர்ந்தது.

அதிவேக ரயிலின் தாயகமான ஜப்பானும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியது. தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட அதில் உயிரிழந்ததில்லை என்று உலகம் வியக்கிறது. அந்தத் தடங்களில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை பயணிகள் ரயில் ஓடுவதில்லை. அந்த நேரம் முழுவதும் பராமரிப்புக்கு உரியது. ஒவ்வோர் இரவும் தண்டவாளத்தைச் சோதிக்கும் அந்தத் தொழிலாளர்களே பகல்நேர வேகத்தின் உண்மையான சொந்தக்காரர்கள். நாமோ ரயிலை மட்டும் வாங்க விரும்புகிறோம். அந்த இரவு வேலையை வாங்க விரும்புவதில்லை. நம் ரயில்வேயில் தண்டவாளச் சோதனை வண்டிகளின் ஆய்வுகள் 30 முதல் 100 விழுக்காடு வரை குறைந்திருந்ததை, தடம்புரள்தல் குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. இருப்பதையே பேணாதவர் புதியதை எப்படிப் பேணுவார்?

முன்னுரிமை என்னும் அமானிதம்

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணிச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் பிள்ளைகள் மதரஸாவில் முதலில் கற்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று. நடப்பவரின் காலில் முள் தைக்காமல் காப்பதே ஈமானைச் சேர்ந்தது என்றால், நோயாளியை ஏற்றிவரும் வண்டி கவிழாமல் காப்பது எத்தகையது?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தொலைவிலிருந்த இராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று தாம் விசாரிக்கப்படக்கூடும் என அஞ்சியதாக அறிவிக்கப்படுகிறது. அவர்கள் பெரும்பணிகளுக்கு எதிரானவர் அல்லர். பஸ்ராவும் கூஃபாவும் எழுந்தது அவர்களின் ஆட்சியில்தான். ஹிஜாஸ் பஞ்சத்தால் வாடியபோது, தூர்ந்து கிடந்த பழங்காலக் கால்வாயைத் தோண்டித் திறந்து, நைல் நதியைச் செங்கடலோடு இணைத்து, எகிப்தின் தானியம் வர வழி செய்தார்கள். பசித்தவருக்கு உணவு சேர்த்த அந்தப் பெரும்பணியும் பழையதைச் செப்பனிட்ட பணியே என்பது எண்ணத்தக்கது.

இமாம் கஸ்ஸாலி, இமாம் ஷாத்திபி போன்ற அறிஞர்கள் மனிதரின் நலன்களை மூன்று படிகளாக வகுத்தார்கள்: உயிரும் வாழ்வும் நிலைக்க இன்றியமையாதவை, வாழ்வின் சிரமத்தைக் குறைப்பவை, வாழ்வை அழகுபடுத்துபவை. முதல் படி நிறைவேறாதிருக்க மூன்றாம் படிக்குச் செலவிடுவது முறையன்று. ஆம்புலன்ஸ் செல்லும் சாலை முதல் படி. தொழிலாளர்கள் நாள்தோறும் பயணிக்கும் கோவை–சேலம் விரைவு ரயில் இரண்டாம் படியில் தகுதியோடு நிற்கும். அதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. விமானமும் விரைவு ரயிலும் ஏற்கெனவே உள்ள இரு பெருநகரங்களுக்கிடையே மேலும் சில மணி நேரத்தை மிச்சப்படுத்த இலட்சம் கோடி என்பது எந்தப் படி என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

விரைவின் பெயரால் எளியோரின் உரிமையைக் கடந்து செல்வதன் விளைவையும் சேலம் அறியும். 2018இல் அறிவிக்கப்பட்ட சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய்த் திட்டம். நிலமிழக்கவிருந்த உழவர்கள் எதிர்த்தார்கள். நிலம் கையகப்படுத்தியதை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. உரிய முறையில் புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்று 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஊர் மக்களைக் கேட்காமல் தொடங்கிய விரைவு, நீதிமன்றப் படிக்கட்டுகளில் ஆண்டுக்கணக்கில் நின்றது.

நாம் செய்யக்கூடியது

அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. எந்தப் புதிய பெருந்திட்டத்துக்கும் முன், உள்ள சாலைகளின் ஆண்டுப் பராமரிப்புக்கென வேறெதற்கும் மாற்ற முடியாத தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும். தமிழக மலைப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் 250 என்ற தளர்வு வேண்டும். 10,000 கிலோமீட்டர் ஊரகச் சாலைகளை 4,000 கோடி ரூபாயில் மேம்படுத்த 2023இல் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் மலைச் சாலைகளின் வடிகாலும் சிறுபாலமும் முதலில் எண்ணப்பட வேண்டும்.

வனத்துறை அனுமதி இல்லை என்ற பதிலோடு திரும்பிவிடவும் தேவையில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால், சாலை உள்ளிட்ட 13 பொது வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், வழங்க இடமளிக்கிறது. எல்லாம் கிராம சபையில் தொடங்குகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடுகிறது. நம்மில் எத்தனை பேர் அங்கே போய் அமர்கிறோம்? பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் காட்டும் அக்கறையில் பாதியையாவது ஊர்ச் சபையில் காட்டினால், சாலையின் பயன் நமக்கு மட்டுமன்றி ஊருக்கே சேரும். பருவமழைக்கு முன் ஜமாஅத்தின் இளைஞர்கள் தெருவின் வடிகாலைத் திறந்துவிடுவதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

சாலையில் நடப்பவரின் மதம் எதுவென்று சாலை கேட்பதில்லை. அதைச் செப்பனிடுபவரும் கேட்கலாகாது. வாழவந்தியின் மலையாளிச் சகோதரருக்கு நல்ல சாலை கேட்டு நாம் எழுப்பும் குரலும் பாதையிலிருந்து இடையூறை அகற்றும் செயலே. அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாளிருக்கிறது. அதற்குள் உங்கள் ஊரில் அடைபட்டிருக்கும் ஒரு சிறுபாலத்தையாவது பார்த்து, குறித்து வையுங்கள். அந்த முயற்சியை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.