நெறிகட்டியை அறுத்துப் பாருங்கள்

கழுத்தில் நெறிகட்டியிருக்கிறது, மாலையானால் காய்ச்சல், இரவில் சட்டை நனைய வியர்வை, உடல் மெலிவு. இவற்றைக் கண்டதும் காசநோய் என்று முடிவுகட்டி ஆறு மாத மருந்தைத் தொடங்குவது நம் நாட்டில் இன்றும் நடக்கிறது. பலருக்கு அது சரியான முடிவே. ஆனால் நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்ஃபோமாவும் இதே அறிகுறிகளோடு வரும். கட்டி வலிப்பதில்லை என்பதால் நோயாளியும் அவசரப்படுவதில்லை.

ஊசியால் உறிஞ்சும் சில செல்கள் பல நேரங்களில் விடை சொல்லாது. கட்டியை முழுதாக எடுத்துத் திசுப் பரிசோதனை செய்தால்தான் ஹாட்ஜ்கின் எனும் லிம்ஃபோமா வகையா, வேறா என்பது தெளிவாகும். அதற்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால், கட்டி தற்காலிகமாகச் சுருங்கி நோயை மறைத்துவிடும்.

1832இல் லண்டனில் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் இந்த வகையை விவரித்தபோது மருந்தே கிடையாது. இன்று ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்தவர்களில் பெரும்பாலோர், நோய் பரவிய நிலையிலும்கூட, கீமோதெரபியால் குணமடைகிறார்கள். அதனால்தான் வீணாகும் ஒவ்வொரு மாதமும் நெஞ்சைச் சுடுகிறது.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் அனைத்திலும் திசுப் பரிசோதனை முடிவு இரண்டு வாரங்களுக்குள் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். காசநோய் மருந்து சாப்பிட்டும் கட்டி வற்றாதவர்களை மறுபரிசோதனைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும்.