வளித் துப்பாக்கியும் புறாவும்: எத்தனை யார் தூரம் நியாயமானது?

பயிரைத் தின்னும் புறாவை வளித் துப்பாக்கியாற் சுடுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், துப்பாக்கி வைத்திருப்போர் முதலிற் கேட்பது, "இது எத்தனை யார் தூரம் சுடும்?" என்பதே. கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. ஈயச் சன்னம் நூறு யாருக்கு அப்பாலும் பறந்து செல்லும். அங்கே ஒரு பறவையிற் பட்டு அதன் தோலைக் கிழிக்கவுங் கூடும். ஆனால் பறவையை அக்கணமே கொல்லத்தக்க இடத்தில், ஒவ்வொரு தடவையுந் தவறாது அடிக்கக்கூடிய தூரம் எவ்வளவு என்பதே உண்மையான கேள்வி. இதற்குரிய விடை துப்பாக்கியில் இல்லை. அதைப் பிடித்திருப்பவனது கையிலே உள்ளது.

இவ்விடயத்தில் நீண்ட அனுபவமுடைய நாடு இங்கிலாந்து. அங்கே மரப்புறா எனப்படும், ஏறக்குறைய 500 கிராம் நிறையுள்ள பெரிய புறா, கோவா, பட்டாணி, தானியங்கள், ரேப் என்னும் எண்ணெய்வித்துப் பயிர் ஆகியவற்றுக்குப் பெருஞ் சேதம் விளைவிக்கின்றது. மாரிகாலத்தில் நூற்றுக்கணக்கான புறாக்கள் ஒரே வயலில் இறங்கி, இலைகளை நரம்பு மாத்திரம் எஞ்சும்படி கொத்திவிடும். அந்நாட்டில் 1969ஆம் ஆண்டு ஆக்கப்பட்ட விதிகளின்படி, குழல்வாயில் 12 அடி-இறாத்தலுக்கு மேற்படாத சக்தியுள்ள வளித் துப்பாக்கியை இங்கிலாந்திலும் வேல்சிலும் துப்பாக்கிச் சான்றிதழ் இன்றியே வளர்ந்தோர் வைத்திருக்கலாம். (ஸ்கொத்லாந்தில் 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அதற்கும் அனுமதிப்பத்திரம் தேவை.) ஆகவே அங்கே கமக்காரர் பெரும்பாலும் கையாள்வது வலுக் குறைந்த கருவியே. வலுக் குறைந்த கருவியைக் கொண்டு உயிரைக் கொல்பவன் வலுமிக்க கருவி உடையவனிலும் பார்க்கக் கூடிய கவனம் எடுக்கவேண்டும் என்பதை, அங்குள்ள நல்ல வேட்டைக்காரர் நெடுங்காலமாகச் சொல்லி வந்துள்ளனர்.

கணக்கைப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். 12 அடி-இறாத்தல் சக்தியோடு புறப்படும் 5.5 மில்லிமீற்றர்ச் சன்னத்தின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 600 அடி. அது 40 யார் தூரத்தை அடைவதற்குச் செக்கனில் ஐந்திலொரு பங்குக்கு மேற் செல்லும். அவ்வளவு நேரத்திற் புறா தலையைத் திருப்பிவிடும். இரையைக் கொத்தக் குனிந்துவிடும். அதுமட்டுமன்று. 30 யாரில் குறி சரியாக அமையும்படி திருத்தப்பட்ட அத்தகைய துப்பாக்கி, 40 யாரில் ஏறக்குறைய 2 அங்குலம் தாழ்வாக அடிக்கும். 4.5 மில்லிமீற்றர்ச் சன்னம் வேகம் கூடியதாகையால் அதன் தாழ்வு ஓரங்குலம் அளவிலேயே நிற்கும். ஆயினும் தாழ்வு தாழ்வே. குறுக்கே வீசும் நடுத்தரக் காற்று 30 யாரிலேயே சன்னத்தை ஓரங்குலத்துக்கு மேல் ஒதுக்கிவிடவல்லது. புறாவின் தலையோ ஓரங்குலம் அளவினது. அதனுள் மூளை அதனினுஞ் சிறியது. 40 யாரை 30 என்று மதித்துத் தலைக்குக் குறிவைத்தவனுடைய சன்னம் கழுத்தின் அடியிலோ தீனிப்பையிலோ போய்ப் படும். தூரத்தைப் பிழையாக மதித்தலும் பிழையான இடத்தில் அடித்தலும் இருவேறு குற்றங்கள் அல்ல.

தீனிப்பை என்பதைச் சிறிது நின்று நோக்கவேண்டும். வயலில் மேய்ந்துவிட்டு மரத்தில் வந்து தங்கும் புறாவின் நெஞ்சுக்கு முன்னே, தானியமோ இலையோ நிறைந்த பை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். மணல் மூட்டை குண்டைத் தாங்குவதுபோல அப்பை சன்னத்தின் விசையை விழுங்கிவிடும். அதன்மேல் அடர்ந்த இறகு. அதன்பின் தடித்த நெஞ்சுத் தசையும் எலும்பும். ஆதலால் தன்னை நோக்கி நேர்முகமாக இருக்கும் புறாவின் நெஞ்சிற் சுடுவது, இலக்குப் பெரிதாகத் தோன்றினும், வளித் துப்பாக்கிக்கு ஆகாத செயல். பக்கவாட்டாக இருக்குமாயின் தலை, அல்லது சிறகு உடலோடு சேரும் தோட்பட்டை. அத்தோளுக்குப் பின்னேதான் இருதயமும் சுவாசப்பைகளும் உள்ளன. முதுகைக் காட்டி இருக்குமாயின் இரு தோள்களுக்கும் நடுவிடம். இவையன்றி வேறிடம் எதுவும் வேண்டாம். பறக்கும் புறாவை ஒற்றைச் சன்னத்தாற் சுடுவது வெறும் விளையாட்டு. கமத்தொழிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தன் தூரத்தை ஒருவன் அறிந்துகொள்ளும் வழி எளிது. ஓரங்குல விட்டமுள்ள வட்டமொன்றைக் கடதாசியில் வரைந்து (பழைய ஒரு ரூபா நாணயத்தைச் சுற்றிக் கீறினாற் போதும்), 20 யாரில் நாட்டி, ஐந்து சன்னங்களைச் சுடவேண்டும். ஐந்தும் உள்ளே விழுந்தால் 25 யாருக்குப் பின்னே போகலாம், அதன்பின் 30. ஒரு சன்னம் வெளியே விழும் இடத்திலேயே அவனுக்குரிய எல்லை கடந்துவிட்டது. இச்சோதனையை மேசைமேற் கையை ஊன்றிச் செய்து பயனில்லை. வயலில் எப்படி நிற்பானோ, எப்படி முழந்தாளிடுவானோ, அப்படியே செய்யவேண்டும். நல்ல பயிற்சியுடையவனுக்கும் 30 அல்லது 35 யாருக்கு மேற் சுட நியாயம் இல்லை. பெரும்பான்மையோருக்கு 25 யாரே போதியது. ஐம்பது யாரில் விழுத்தியதாகப் பெருமை பேசுவோர், விழாமற் போனவற்றைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. சுட்டவுடன் இரண்டொரு இறகு காற்றில் மிதக்கப் புறா பறந்து போனால், "தவறிவிட்டது" என்று சொல்லிவிடுகின்றனர். தவறவில்லை, பட்டிருக்கின்றது. அப்புறா எங்கோ ஒரு பற்றைக்குள் இரண்டு நாள் கிடந்து சாகும். அதனாற் பயிருக்கு வந்த நன்மையும் ஒன்றுமில்லை.

பயிரைக் கெடுக்கும் பிராணிக்கு இத்துணை இரக்கம் எதற்கு என்று கேட்போர் உளர். முற்றத்துக் கோழியை அரைகுறையாக அறுத்து ஓடவிடுபவனை எந்த ஊரிலும் ஏசுவர். அக்கோழி தானியம் தின்றதா இல்லையா என்று எவரும் விசாரிப்பதில்லை. கொல்வதற்குக் காரணம் இருக்கலாம். வதைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. காயப்பட்டு விழுந்த புறாவுக்கு உடனே இரண்டாவது சன்னம் உரியது. விழுந்ததைத் தேடி எடுக்காமல் விடுவதும் தவறு. உடலில் தங்கிய ஈயம் அதைத் தின்னும் பருந்துக்கும் நஞ்சாகும்.

குறிக்குப் பின்னால் என்ன உள்ளதென்று பாராமற் சுடுதலும் அவ்வாறே கண்டிக்கத்தக்கது. கூரைமுகட்டிற் புறா இருக்கும்போது அதன் பின்னே இருப்பது வானம். தவறிய சன்னம் யாருடைய முற்றத்தில் இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. தகரத்திலும் கல்லிலும் பட்ட சன்னம் திரும்பி வரும்.

இனி, பருவம். இங்கிலாந்தின் மரப்புறா பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை கூடுகட்டும். ஒரு தடவையில் இரண்டு முட்டை. தாய் தந்தை இரண்டும் தீனிப்பையிற் சுரக்கும் புறாப்பாலைக் குஞ்சுக்கு ஊட்டும். அக்காலத்திற் சுட்டு வீழ்த்தப்படும் புறாவின் பின்னே, பட்டினியாற் சாகும் குஞ்சுகள் இருக்கக்கூடும். தானியம் முற்றும் காலமும் அதுவாகையால் இங்கே பயிரும் இரக்கமும் முரண்படுகின்றன. இந்த முரண்பாட்டுக்கு அங்கே எவரும் நல்ல விடை கண்டதாகத் தெரியவில்லை. 2019 ஏப்ரலில், பறவைகளைச் சுடுவதற்கான பொது அனுமதிகள் மூன்றை இங்கிலாந்து திடீரென மீளப்பெற நேர்ந்தது. 'வைல்ட் ஜஸ்டிஸ்' என்னும் அமைப்பு அவை சட்டப்படி செல்லாவென எதிர்த்ததே காரணம். பின்னர் வந்த அனுமதிகள், கொல்லாமற் காக்கும் வழிகளை முயலவேண்டும் என்பதை வற்புறுத்துகின்றன.

சுடுதலாற் புறா குறையுமா? ஆர். கே. மேர்ட்டன் என்னும் ஆய்வாளர் கேம்பிரிட்ஜ்சயர் வயல்களிற் பல்லாண்டு இதனை ஆராய்ந்தார். மரப்புறா பற்றிய அவரது நூல் 1965இல் வெளிவந்தது. சுடுதல் பற்றித் தம் துணைவருடன் அவர் செய்த ஆய்வு 1974இல் வெளிவந்தது. மாரிகாலத்திற் குளோவர் இலை குறையும்போது புறாக்களிற் பெரும்பகுதி எப்படியும் பட்டினியால் மாண்டுபோகும். சுட்டவை அப்பகுதியிற் சேர்ந்தவையே. எஞ்சியவற்றுக்கு இரை கூடுவதால் வசந்தகாலத்தில் மொத்தத் தொகை குறையவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. சுடுதலால் உண்டாகும் பயன், சேதம் நிகழும் வயலில், நிகழும் நாட்களில் மாத்திரமே. பின்னர் 1970களிலிருந்து ரேப் பயிர் அந்நாட்டிற் பரவ, மாரிகாலத்தில் இரை பெருகிப் புறாவும் பெருகிற்று. துப்பாக்கி குறைக்காததைக் கமம் தானே வளர்த்துவிட்டது.

இலங்கையிற் கதை வேறு. விதைத்த பயற்றையும் களத்திற் காயும் நெல்லையும் மாடப்புறா பொறுக்குகின்றது உண்மையே. விதையை மண்ணால் நன்கு மூடுதல், முளை மூன்று இலை விடும்வரை வலையோ பளபளக்கும் நாடாவோ கட்டுதல், களத்திற் காவலுக்கு ஒருவரை இருத்துதல் ஆகியவற்றை முதலிற் செய்யவேண்டும். துப்பாக்கியை எடுக்க எண்ணுபவர், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் எந்தப் பறவையைக் காக்கின்றன என்பதையும், கையிலுள்ள துப்பாக்கிக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதையும் முன்னரே அறிந்துகொள்வது கடமை. வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் விசாரிக்கலாம். மலைநாட்டில் உள்ளோர் மேலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நுவரெலியா, ஹோட்டன் சமவெளி முதலிய உயர்ந்த காடுகளில் வாழும் இலங்கை மரப்புறா, உலகில் வேறெங்கும் இல்லாதது. அருகிவரும் ஆபத்துக்கு உட்பட்டது. இங்கிலாந்து மரப்புறாவோடு உறவுடையதாயினும், அது சுடத்தக்க பறவையன்று. அதன் பின்கழுத்திற் கறுப்பும் வெள்ளையும் கலந்த கட்டக்கோலம் காணப்படும். மரக்கிளையில் அப்படியொரு புறாவைக் கண்டால், துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்க.