விலை குறைந்தால் மட்டும் போதுமா?

அரிசி, பருப்பு விலை குறைந்தால் உடனே வாங்கிப் போடலாம். கம்ப்யூட்டரில் மாட்டும் "கிராபிக்ஸ் கார்டு" அப்படி அல்ல. விலையோடு வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றுப்புறமெல்லாம் தொழிற்சாலைகள். "ஷிப்டு" வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் இங்கே பலர். "படிப்புக்கு வேண்டும்" என்று பிள்ளை கேட்டால், தவணையிலாவது வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது.

எதற்கு இந்தக் கார்டு?

திரையில் தெரியும் படங்களை வேகமாகக் கணக்கிட்டு வரைந்து தருவது இந்தக் கார்டு. விளையாட்டு, சினிமாப் பட வேலை, எந்திர வரைபடம், செயற்கை நுண்ணறிவுப் படிப்பு ஆகியவற்றுக்கு இது உதவும். கடிதம் எழுதவும், பாடம் படிக்கவும், வீடியோ பார்க்கவும் தனிக் கார்டு தேவை இல்லை.

விலை ஏன் இறங்குகிறது?

புது மாடல் வந்தால் பழைய மாடலின் விலை இறங்கும். வேறு காரணமும் உண்டு. 2021-ம் ஆண்டில் "ஈதர்" என்ற மின்நாணயத்தைச் சம்பாதிக்கப் பல நாடுகளில் இந்தக் கார்டுகளை வாங்கிக் குவித்தார்கள். விலை ஏறியது. 2022 செப்டம்பரில் அந்த நாணயத்தின் முறை மாறியது. அதற்குக் கார்டே வேண்டாம் என்று ஆகிவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சரக்காகச் சந்தைக்கு வந்தன. ஆகவே பழைய கார்டு வாங்குகிறவர்கள், அதை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பெயர் ஒன்று, சரக்கு இரண்டு

"என்விடியா" கம்பெனியின் "ஆர்.டி.எக்ஸ். 3060" கார்டு 2021-ல் 12 ஜி.பி. நினைவகத்துடன் வந்தது. மறு ஆண்டே அதே பெயரில் 8 ஜி.பி. கார்டும் வந்தது. அதற்கு வேகமும் குறைவு. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற நேரிடும்.

2023-ல் வந்த "4060", விளையாட்டில் பழைய 3060-ஐ மிஞ்சியது. மின்சாரமும் மிச்சம்: 170 வாட் இழுத்த இடத்தில் 115 வாட் போதும். ஆனால் நினைவகம் 8 ஜி.பி.தான். செயற்கை நுண்ணறிவு பயிலும் மாணவருக்கு நினைவகம் முக்கியம். அவருக்கு 12 ஜி.பி. உள்ள பழைய மாடலே சில வேலைகளில் கைகொடுக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த வேலைக்கு வாங்குகிறோம்? நினைவகம் எத்தனை ஜி.பி.? வீட்டுக் கம்ப்யூட்டரின் "பவர் சப்ளை" தாங்குமா? பெட்டிக்குள் இடம் இருக்கிறதா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பில் தருவார்களா? சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும், வீட்டிலிருந்தே வரவழைத்தாலும் இவற்றைக் கேட்கத் தவறக்கூடாது. மடிக்கணினிக்குள் இந்தக் கார்டை மாட்ட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கல்லூரிக் கம்ப்யூட்டர் கூடத்திலேயே வேலை முடியுமானால், வாங்காமல் இருப்பதே பெரிய லாபம். தேவை என்றால், தேவைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து, அதன் விலை குறையும்போது வாங்கலாம். விலை குறைந்தது என்பதற்காகத் தேவையைத் தேடக் கூடாது.