பிக்கட்டிப் பிள்ளைகளும் பங்குச் சந்தைக் கணக்கும்

மலையில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. பி.ஏ., பி.காம். எல்லாம் பழைய சரக்காம். 'நிதிக் கணிதம்' படித்தால் கோடியில் சம்பளமாம்! மஞ்சூர்ப் பக்கமும் பிக்கட்டிப் பக்கமும் கொழுந்து பறிக்கும் தாய்மார் நம்மிடம் கேட்கிறார்கள்: "பையன் கணக்கில் புலி, தோழரே. இருக்கிற அரை ஏக்கரை அடகு வைத்துப் படிக்க வைக்கலாமா?"

பதிலைச் சுற்றி வளைக்க மாட்டோம். படிப்பு நல்லது. ஆனால் படித்தவன் மூளையை விலைக்கு வாங்க யார் காத்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

இது மந்திரமல்ல. ஜனவரியில் உறைபனி விழுந்து செடி கருகுமா, கருகாதா என்று நாமும்தான் கணக்குப் போடுகிறோம். அந்த வாய்ப்புக் கணக்கையே பணத்துக்குப் போடுகிறார்கள். அடுத்த மாதம் இன்ன விலைக்கு வாங்கும் உரிமையை மட்டும் இன்று சில்லறை கொடுத்து வாங்குவதற்கு 'ஆப்ஷன்' என்று பெயர். அந்த உரிமை என்ன பெறும் என்ற சூத்திரத்தை பிளாக், ஷோல்ஸ் என்ற இருவர் 1973ல் வெளியிட்டார்கள். ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் 1997ல் நோபல் பரிசு கிடைத்தது. மறு வருஷமே என்ன நடந்தது? இந்த இரு மேதைகளும் இயக்குநர்களாக இருந்த எல்.டி.சி.எம். என்ற அமெரிக்கக் கம்பெனி கவிழ்ந்தது! 14 பாங்குகள் 360 கோடி டாலர் கொட்டி அதைத் தூக்கி நிறுத்தின. தறி நின்ற மில் தொழிலாளிக்கு இப்படி ஓடிவந்து முட்டுக் கொடுத்தவன் உண்டா?

நம் நாட்டுக் கதையைப் பாருங்கள். சொல்லுவது நாமல்ல, 'செபி' என்ற சர்க்கார் அமைப்பு. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷங்களில் இந்தப் பேர வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். போன பணம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! 2023-24ல் மட்டும் சொந்தப் பணத்தில் ஆடும் தரகுக் கம்பெனிகள் 33,000 கோடியும், அந்நிய முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் லாபம் கண்டார்கள். கூட்டிப் பாருங்கள்: 61,000 கோடி. மற்றவர்கள் இழந்ததும் ஏறக்குறைய அதே 61,000 கோடிதான். ஒருவன் மடியிலிருந்து அவிழ்ந்ததுதான் இன்னொருவன் பெட்டிக்குப் போயிற்று. அந்த லாபத்தில் 100க்கு 96, 97 பங்கு கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. செல்போனில் பேரம் ஆடும் நம் வாலிபனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது அந்த யந்திரம்தான்.

அதை இயக்கத்தான் கோடிச் சம்பளம். ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் கம்பெனி சென்னை ஐ.ஐ.டி.யில் 4 கோடி ரூபாய்க்கு மேல் சம்பளம் தர முன்வந்ததாக 2024 டிசம்பரில் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. ஏழு மாதம் கழித்து, 2025 ஜூலையில், அதே கம்பெனி சந்தை விலையைத் திருகியது என்று குற்றம் சாட்டி 4,843 கோடி ரூபாயைப் பிடித்து வைக்க செபி உத்தரவிட்டது. கம்பெனி மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. மறுக்காமல் என்ன செய்வான்!

இவ்வளவு கணக்கு தெரிந்த தேசத்தில் ஒரு கிலோ பச்சைத் தேயிலைக்கு நியாய விலை என்ன என்று கணக்குப் போட ஆளில்லையாம். குன்னூர் ஏலத்தைப் பார்த்து தேயிலை வாரியம் மாதா மாதம் ஒரு விலை அறிவிக்கிறது. உரம், கூலி, பறிப்பு எல்லாம் சேர்த்து அடக்கம் என்ன என்று கேட்டு சிறு விவசாயிகள் 2023ல் உண்ணாவிரதமே இருக்க வேண்டியதாயிற்று.

இன்ஷூரன்ஸ், பென்ஷன், பிராவிடண்ட் பண்டு இவற்றிலும் இதே கணிதம்தான் வேலை செய்கிறது. அதைப் போடுகிறவருக்கு 'ஆக்சுவரி' என்று பெயர், கௌரவமான உத்தியோகம். பன்னிரண்டாவது தேறினால் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை எழுதலாம். பிறகு வேலையில் இருந்துகொண்டே ஒவ்வொரு பாடமாகத் தேறலாம். வருஷங்கள் பிடிக்கும், தேர்வுகள் கடினம்.

ஆகவே தாய்மார்களே, அரை ஏக்கரை அடகு வைக்காதீர்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் கணிதம் இருக்கிறது. பையன் முதலில் அதில் சேரட்டும். கோடி காட்டும் தனியார் ஏஜெண்டு வாசலுக்கு வந்தால், போன வருஷம் படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு, எங்கே, என்ன சம்பளத்தில் வேலை என்று எழுத்தில் கேளுங்கள். பிக்கட்டிக் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் வரவு செலவை அங்கத்தினர் முன்பு படிக்கும்போது, "இந்தத் தொகை எங்கிருந்து வந்தது?" என்று எழுந்து கேட்க அந்தப் பையனையும் கூட்டி வாருங்கள்.