இரும்பா, அலுமினியமா?

செஞ்சிக்குச் சென்றிருந்தேன். ராஜகிரியின் உச்சியில் கிடக்கும் பீரங்கியைக் கண்டதும், "இந்தக் கனத்தை எப்படித்தான் மேலே ஏற்றினார்களோ!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே வியந்தேன்.

அடிவாரத்தில் சந்தித்த குடியானவர் ஒருவருக்கு வேறு கவலை. அவருடைய கிணற்று டீசல் எஞ்சினின் இரும்பு பிளாக் விரிசல் விட்டுவிட்டது, பயிரோ வாடுகிறது.

"காருக்கெல்லாம் இப்போது அலுமினியமாமே, ஐயா! கடன் வாங்கியாவது அதையே வாங்கிவிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம், பெரியவரே! அலுமினியத்தின் கனம் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஓடுகிற காருக்கு அந்த லாகவம் நாள்தோறும் பெட்ரோலை மிச்சப்படுத்தும். கிணற்றடியில் நிற்கும் எஞ்சினுக்குக் கனம் ஒரு குறையா? எடைக்கு எடை விலையோ பல மடங்கு. ஒரு கிலோ அலுமினியம் பிரித்தெடுக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். மேட்டூரில் 1965-ல் தொடங்கிய ஆலைகூட 2008-ல் உருக்குவதை நிறுத்திவிட்டது. அலுமினிய பிளாக்கிலும் பிஸ்டன் உராயுமிடத்தில் பெரும்பாலும் இரும்புக் குழாயைத்தான் பொருத்துகிறார்கள்!" என்றேன்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புரிந்தது, ஐயா. நின்ற இடத்தில் நிற்கும் எஞ்சினுக்கு இரும்பே போதும். மலை ஏறுகிற தாங்கள்தான் அலுமினியமாக வேண்டும்!"

நான் மறு பேச்சுப் பேசவில்லை.